‘சந்த் துக்காராம்’ திரைப்படத்தில் பாட்டுரிமை வழக்கு

புனே நகரின் பிரபாத் திரைப்பட நிறுவனம் 1936இல் வெளியிட்ட ‘சந்த் துக்காராம்’ என்னும் மராத்தித் திரைப்படம் பக்திப் படங்களின் வரிசையில் வைத்தே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. விஷ்ணுபந்த் தாம்ளே, பத்தேலால் ஆகிய இருவரும் இயக்கிய இப்படம் மும்பையில் ஒரே அரங்கில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. 1937இல் வெனிஸ் திரைப்பட விழாவிலும் பாராட்டுப் பெற்றது. எனினும், படத்தின் கதையை நகர்த்துவது பக்தி மட்டுமன்று. ஒரு பாட்டு யாருக்கு உரியது என்னும் வழக்கே நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. இக்கோணத்தில் நோக்கும்போது படத்தின் வலிமையும், அதன் உள்ளேயே உறைந்துள்ள ஒரு முரணும் புலனாகின்றன.

துக்காராம் பதினேழாம் நூற்றாண்டில், புனேவுக்கு அண்மையில் இந்திராயணி ஆற்றங்கரையிலுள்ள தேகு என்னும் ஊரில் வாழ்ந்தவர். சிறு வணிகக் குடியினர். வருண அடுக்கில் சூத்திரர் எனப்பட்டவர். அவருடைய அபங்கங்கள் பெரும்பாலும் ‘துக்கா’ என்னும் பெயர் முத்திரையோடு முடிவன. ஞானசம்பந்தர் தம் பதிகங்களின் திருக்கடைக்காப்பில் தம் பெயரைப் பொறித்தமை தமிழர் நன்கறிந்தது. அம்மரபை ஒத்ததே இதுவும். ஏட்டைக் காட்டிலும் நாவிலும் செவியிலும் வாழும் பாட்டுக்கு இம்முத்திரையே உரிமைச் சான்று. ஆனால் அச்சான்று மிக எளிதில் கவரத்தக்கது. ஒரு பெயரை எடுத்துவிட்டு மற்றொரு பெயரை வைத்தால் போதும். சாலோமாலோ என்பவர் அவ்வாறு செய்தார் என்பது துக்காராமைப் பற்றிய மரபுச் செய்தி.

சிவராம் வாஷிகரின் திரைக்கதை இச்செய்தியைப் பற்றிக்கொண்டு சாலோமாலோவைக் கதையின் எதிர்நிலைத் தலைவனாக உயர்த்துகிறது. பாகவத் ஏற்று நடித்த இப்பாத்திரம் துக்காராமின் பாடல்களைத் தன்னுடையவை என்று ஊரார் முன் பாடுகிறது. விஷ்ணுபந்த் பாக்னிஸ் துக்காராமாகப் பாடும்போது சொல் இயல்பாக வருகிறது; சாலோமாலோவிடம் அதே பாட்டு ஒப்பனை மிகுந்து நெளிகிறது. களவை விளக்கும் உரையாடலே தேவைப்படாத வகையில் கேசவராவ் போளேயின் இசை இவ்வேறுபாட்டைச் செவிக்கு உணர்த்திவிடுகிறது. படத்தின் மிகச் சிறந்த திறனாய்வு இதுவே எனலாம்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஊராரிடம் ‘இப்பாடல்கள் என்னுடையவை’ என்பவன், இராமேசுவர சாத்திரியிடம் சென்று ‘சூத்திரன் வேதப் பொருளைப் பாடிக் கெடுக்கிறான்’ என்று முறையிடுகிறான். பாடல்கள் அவனுடையவையாயின் இரண்டாவது குற்றச்சாட்டுக்கே இடமில்லை. இம்முரணைப் படத்தில் எவரும் எடுத்துக்காட்டவில்லை, சாத்திரியும் வினவவில்லை. வினவாமைக்குக் காரணம் வெளிப்படை. யார் பாடினார் என்பது அங்குப் பொருட்டன்று. யார் பாடலாம் என்பதே பொருட்டு. ரோலண்ட் எமெரிக் இயக்கிய ‘அனானிமஸ்’ (2011) என்னும் ஆங்கிலப் படம், கையுறை செய்பவரின் மகனான ஷேக்ஸ்பியரிடமிருந்து நாடகங்களைப் பறித்து ஆக்ஸ்போர்டு பிரபுவுக்கு வழங்குகிறது. அங்கும் சான்றைவிடப் பிறப்பே முந்துகிறது. பிரபாத் படம் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே எதிர்ப்பக்கம் நின்றது.

சாத்திரியின் ஆணைப்படி பாடல் ஏடுகள் இந்திராயணியில் இடப்படுகின்றன. பதின்மூன்று நாள் உண்ணாநோன்புக்குப் பின் அவை மீள்கின்றன. வைகையை எதிர்த்துச் சென்ற சம்பந்தரின் ஏடு தமிழ் நெஞ்சில் உடனே தோன்றும். ஆயின் புனல்வாதம் மன்னன் முன் இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட தேர்வு. தேகுவில் நிகழ்வது தண்டனை. கவிஞனே தன் கையால் தன் பாட்டை மூழ்கடிக்க வேண்டியிருப்பதுதான் அதன் கொடுமை. ஆறு திருப்பித் தந்தது ஏட்டை மட்டுமன்று, பாடும் உரிமையையும் ஆகும்.

அரசு கதைக்குள் வருவது பின்னரே. சிவாஜி அனுப்பிய பரிசிலைத் துக்காராம் ஏற்கவில்லை. சிவாஜியே நேரில் வந்து பாடல் கேட்கிறார். சாலோமாலோ அதனைப் பகைவருக்கு அறிவிக்கிறான். இப்பகுதி அற்புதக் காட்சியால் முடிக்கப்படுவதால் சூழ்ச்சி அழுத்தம் பெறவில்லை. ‘திருவிளையாடல்’ (1965) படத்தின் தருமி நிகழ்ச்சியில் பாட்டுரிமை வழக்கு பாண்டியன் அவையிலேயே நடைபெறுகிறது. பொற்கிழிதான் வழக்கின் வேர். அங்குப் பாட்டைப் பாடியவரே மனமுவந்து மற்றொருவருக்குத் தருகிறார். இங்குப் பரிசிலை மறுப்பவனின் பாட்டைப் பரிசில் விரும்புபவன் கவர்கிறான். தருமியிடம் நமக்கு இரக்கம் எழுவதும் சாலோமாலோவிடம் எழாமையும் இதனாலேயே. முசிறி சுப்பிரமணிய ஐயர் நடித்து 1938இல் துக்காராம் கதை தமிழிலும் படமாயிற்று.

இனி, முற்கூறிய முரணுக்கு வருதல் வேண்டும். இப்படத்தில் பெரும்புகழ் பெற்ற பாடல், ஒற்றை வித்திலிருந்து மரங்கள் பெருகுவதைப் பொருளாகக் கொண்ட ‘ஆதி பீஜ ஏகலே’. அது துக்காராமின் அபங்கம் அன்று. பிரபாத் நிறுவனத்தின் பாடலாசிரியர் சாந்தாராம் அதாவலே படத்துக்கென இயற்றியது. ஆயினும் துக்காராம் வாக்கென்றே அதனைக் கொண்டோர் மிகப் பலர். மும்பை அரசின் ஆதரவில் 1869-1873இல் வெளிவந்த ‘காதா’ பதிப்பு ஏறத்தாழ 4,600 அபங்கங்களைக் கொண்டது. அதில் இப்பாடல் இருத்தற்கு வழியில்லை. பாடலில் ‘துக்கா’ முத்திரையும் இல்லை. முத்திரையின்றியே அது துக்காராமைச் சேர்ந்துவிட்டது.

பிறர் பாட்டைத் தன்னதாக்கியவனைக் குற்றவாளியாக்கும் படம், தன் கவிஞரின் பாட்டைத் துக்காராமின் வாயில் வைத்தது. இதனைக் களவு என்பது மிகை. திரைக்கலையின் இயல்பு எனச் சொல்லி விலகுவதும் பொருந்தாது. சாலோமாலோவின் போலிமையைக் காட்டிக்கொடுத்த அதே செவி, அதாவலேயின் பாட்டில் எவ்வேறுபாட்டையும் காணவில்லை. மொழியும் நடையும் அத்துணை இயைந்துள்ளன. எனவே, படப் பாடல்களைக் ‘காதா’ பதிப்புகளோடு வரிக்கு வரி ஒப்பிடுவதற்கு முன்னர், திரைவழிப் பரவிய அபங்கங்களை எவரும் துக்காராமின் பெயரில் மேற்கோளாக ஆளுதல் கூடாது.