வெள்ளெழுத்துக் கண்ணாடி

நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்வு குறைந்து இறுகிவிடுகிறது; கிட்டத்து எழுத்து கலங்குகிறது. நம்மவர்கள் அதற்கு வைத்த பெயர் வெள்ளெழுத்து. மருந்துச்சீட்டைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, கை நீளம் போதாமல்போன நாளில் ப்ளஸ் ஒன்றரை என் மூக்கில் ஏறியது.

இருபது வயதில் ஒரே ராத்திரியில் நாவலை முடிப்பேன். மறுவாரம் பாதி மறந்திருக்கும். இப்போது கண்ணாடியைத் தேடி, வேட்டி நுனியில் துடைத்து மாட்டுவதற்குள் மனசு அடங்கிவிடுகிறது. காலைக் காப்பியோடு ஒரு குறள், அதற்குப் பரிமேலழகர் உரை. அவ்வளவுதான். இந்தக் கணக்கில் 1330 குறளுக்கு மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகட்டுமே! வேற்றுமை உருபு ஒன்று தொக்கி நிற்பதை உரைகாரர் காட்டுமிடத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். காப்பி ஆறிப்போனதுகூடத் தெரிவதில்லை.