பெங்குவினிடம் யார் கேட்டார்கள்?

லண்டன் மிருகக்காட்சிசாலையின் பெங்குவின் குளத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1934இல் பெர்தோல்ட் லுபெட்கினின் டெக்டன் குழு வடிவமைத்தது; பொறியாளர் ஓவ் ஆரப். முட்டை வடிவக் குளம், அதற்கு மேலே நடுவில் தூணே இல்லாமல் ஒன்றையொன்று சுற்றி இறங்கும் இரண்டு கான்கிரீட் சரிவுகள். நவீனக் கட்டடக்கலைப் புத்தகங்களில் அடிக்கடி வரும். பிரிட்டனின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் முதல் தரம். ஒரே ஒரு குறை, உள்ளே பெங்குவின் இல்லை!

2004இல் அவற்றை வேறு குளத்துக்கு மாற்றினார்கள். திரும்பக் கொண்டுவரவில்லை. கான்கிரீட்டில் நடந்து பாதத்தில் புண் வருகிறது என்பது ஒரு காரணம். பின்னாளில் செய்த புதுப்பிப்பில் தரை மாறியதுதான் தப்பு, லுபெட்கின் மேல் பழி போடாதீர்கள் என்பார்கள் அவருடைய ரசிகர்கள். இருக்கலாம். ஆனால் ஹம்போல்ட் பெங்குவின் மண்ணைத் தோண்டிக் கூடு வைக்கிற இனம். அங்கே தோண்ட மண் எங்கே இருந்தது?

அப்படியென்றால் கட்டடக்கலைஞர்களே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1970களில் தன் உட்லண்ட் பார்க் மிருகக்காட்சிசாலைக்கு ஜோன்ஸ் அண்ட் ஜோன்ஸ் நிறுவனத்தை அமர்த்தியது. அப்போதைய இயக்குநர் டேவிட் ஹான்காக்ஸும் கட்டடக்கலை படித்தவர்தான். அவர்கள் கட்டடத்திலிருந்து தொடங்கவில்லை. கொரில்லா எந்த மாதிரிக் காட்டில் வாழ்கிறது என்று கேட்டுத் தொடங்கினார்கள். செடியெல்லாம் பிடுங்கிப் போட்டுவிடும், மரமேறித் தப்பித்துவிடும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. அதையும் மீறி 1970களின் கடைசியில் கொரில்லாக்கள் புல்லும் மரமும் உள்ள இடத்துக்கு வந்தன. பார்வையாளரும் அதே காட்டுக்குள் நிற்கிற உணர்வு. உலகம் முழுக்க இதைக் காப்பியடித்தார்கள்.

காப்பியில்தான் சிக்கல். பல இடங்களில் செடிகள் நம் கண்ணுக்கு மட்டும்தான். விலங்கு கிட்டே போனால் மின்கம்பி சுள்ளென்று அடிக்கும். பாறை சிமென்ட். சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் விலங்கைப் பின்பக்க அறைக்குள் அடைப்பார்கள். கம்பி, கான்கிரீட், கழுவிவிட வசதியான தரை. அதன் வாழ்க்கையில் பாதி நேரம் அங்கேதான் கழிகிறது. விருதுக்கு அனுப்பும் படங்களில் அந்த அறையைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. பழைய கூண்டு பார்க்கவே கூண்டு மாதிரி இருந்தது, நமக்கும் கொஞ்சம் உறுத்தியது. புதியதில் அந்த உறுத்தலும் போய்விட்டது. விலங்குக்கு என்ன மாறியது?

என் விமர்சனம் கட்டடக்கலைஞர்கள் மேல் அல்ல. வேலை கொடுப்பவர் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் அவர்கள் வரைவார்கள். கூட்டம் வர வேண்டும், படம் நன்றாக வர வேண்டும் என்றால் அதற்கேற்ற மாதிரி ஒன்று கிடைக்கும். பொதுப்பணம் போடுகிற எந்த நகரமும் வரைபடத்தில் கையெழுத்து போடுமுன் மூன்று கேள்வி கேட்கலாம். இந்த விலங்கு நினைத்தால் நம் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா? ராத்திரி எங்கே தூங்கும்? பத்து வருஷம் கழித்து அதன் கால் எப்படி இருக்கும்?

இதற்கெல்லாம் பதில் வரைபடத்தில் இருக்காது. தினமும் கூண்டைக் கழுவுகிற பராமரிப்பாளருக்குத் தெரியும். நடுவர் குழுவில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.