பொலன்னறுவை: தலைநகரும் புறநிலமும்

இடைக்கால இலங்கையின் தலைநகராகிய பொலன்னறுவையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றையே மேற்கொள்வர். ஒரு சாரார் அதனை முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) என்னும் தனியொருவனின் படைப்பாகக் காண்பர். மறுசாரார் சோழர் எடுத்த சிவாலயத்தோடு நின்றுவிடுவர். இவ்விரு நோக்கும் நகரைப் பங்குபோட முயல்கின்றனவேயன்றி அதன் வளர்ச்சியை விளக்கவில்லை.

முதலாம் இராசராசனின் படையெடுப்பை அடுத்து (993) அநுராதபுரம் தன் தலைமையை இழந்தது. சோழர் பொலன்னறுவையைச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டு ஆட்சிபீடமாக்கினர். மகாவலி கங்கையின் துறைகளைக் காவல்செய்யவும், தெற்கே உரோகணத்திலிருந்து எழும் எதிர்ப்பைத் தடுக்கவும் அவ்விடம் வாய்ப்பானது. எனினும், அதற்கு முன்னரே அநுராதபுர மன்னர் சிலர் அங்குத் தங்கியிருந்தனர். குளமும் குடியிருப்பும் இருந்தன. ஆதலின் சோழரும் அந்நகரை வெறும் காட்டிலே தோற்றுவித்தவரல்லர்.

1070இல் சோழரை வென்ற முதலாம் விசயபாகு அநுராதபுரத்தை மீண்டும் அரசிருக்கையாக்காது, பகைவர் வளர்த்த நகரையே தன் தலைநகராகக் கொண்டான் என்பது ஊன்றி நோக்கற்பாலது. இராசேந்திரனின் தாய் பெயரால் அமைந்த வானவன்மாதேவி ஈசுவரம் இன்றும் கல்விமானத்தோடு நிற்கின்றது. விசயபாகு எடுப்பித்த தந்ததாது ஆலயத்தைக் காக்கும் பொறுப்பைத் தமிழ்ப் படையினரான வேளைக்காரர் ஏற்றதைக் கூறும் கல்வெட்டு தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. பௌத்த ஆலயத்தின் காவலுரை தமிழிலிருக்கும் நகரை ஓரினத்தின் தனிச்சொத்தாகக் காட்ட எவ்வாறு இயலும்?

கட்டடக்கலையிலும் இத்தொடர்ச்சியும் மாற்றமும் புலனாகின்றன. சோழர் கோயில் அளவிற் சிறியது. கருங்கல்லின் செறிவே அதன் அழகு. பராக்கிரமபாகு காலத்துக் கட்டடங்களோ செங்கல்லையும் சுதையையும் நம்பிப் பேருருக் கொண்டவை. இலங்காதிலகச் சிலைமனையின் சுவர்கள் இன்றும் ஏறக்குறைய 17 மீற்றர் உயர்ந்து நிற்கின்றன. அரண்மனை ஏழு மாடங்களும் ஆயிரம் அறைகளும் கொண்டது எனச் சூளவமிசம் புகழ்கின்றது. எஞ்சியிருக்கும் தடித்த சுவர்கள் கீழ்மாடங்களின் உறுதியைக் காட்டுகின்றன. மரத்தாலான மேற்பகுதிகள் அழிந்தன. அரசவைப் புகழுரையையும் கட்டடச் சான்றையும் ஒரே நிறையில் வைத்தல் ஆய்வாகாது. குடிமக்களின் மண்சுவர் மனைகளோ புகழுரையிலும் இல்லை, இடிபாட்டிலும் இல்லை.

இப்பேருருக்களுக்குச் சோறிட்டது நீரே. முன்னிருந்த குளங்களை இணைத்து விரிவாக்கிய பராக்கிரம சமுத்திரத்தின் அணை ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நீளமுடையது. நகரின் தோற்றத்தை அரண்மனை வாயிலிலிருந்து மட்டும் நோக்குவோர் இந்த அணையைப் பின்னணிக் காட்சியாகவே கொள்வர். ஆனால் மதகும் வாய்க்காலும் வயலும் இன்றி அம்மாடங்கள் எழுந்திரா. வன்னியின் எல்லையை ஒட்டிய பதவியாவிலும் பெருங்குளமும் சோழர் காலச் சிவாலயமும் ஐந்நூற்றுவர் வணிகக் கணத்தின் சாசனமும் உள்ளன. தலைநகரின் சமயமும் வாணிபமும் அதன் மதிலுக்குள் அடங்கியவையல்ல என்பதற்கு இவை சான்றாகும்.

1215இல் மாகன் படையெடுத்தான். அப்படையெடுப்பை அடுத்துச் சிங்கள அரசிருக்கை தம்பதெனியா முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தது. அரசு தளர்ந்தபோது பேரணைகளைப் பேணும் ஒழுங்கும் தளர்ந்தது. அந்நூற்றாண்டிலேயே வன்னித் தலைவர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறத் தொடங்குகின்றனர். ஆகவே வன்னியின் எழுச்சியும் பொலன்னறுவையின் வீழ்ச்சியும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகும். பிற்காலத்தில் வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய பண்டைக் குளங்கள் 20ஆம் நூற்றாண்டில் திருத்தப்பட்டு மீண்டும் வயல்களை வாழ்வித்தமை, மாடங்களைவிட மண்ணணை நெடிது பயன்தருவதை உணர்த்தும்.

யார் கட்டினார் என்ற வினா தேவையற்றதன்று. ஆனால் அதனோடு நிற்றல் போதாது. முன்னவர் விட்டதைப் பின்னவர் எவ்வாறு ஏற்றனர், நகர் புறநிலத்திடம் எதைப் பெற்றது, அதற்கு எதைத் திருப்பித் தந்தது என்னும் வினாக்களும் எழுதல் வேண்டும். அவற்றை எழுப்பும்போதே பொலன்னறுவை வெற்றிச் சின்னமாகவன்றி, பலர் உழைத்து வாழ்ந்த ஒரு நகரமாகத் தோன்றும்.