நமக்கு முன்பே இருந்த உலகங்கள்

கணினிக்குள் பெரியதொரு மாயாலோகத்தைச் சிருஷ்டித்து, அதில் நம்மை ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ உலவவிடும் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் அவற்றின் பரப்பளவைச் சொல்லி வியப்பதே வழக்கமாகிவிட்டது. பரப்பு ஒன்றே ஆனந்தம் தருமென்றால், 1996-இல் அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘டாகர்ஃபால்’ இத்துறையின் சிகரமாக இன்றளவும் நின்றிருக்க வேண்டும். ஏறத்தாழ பிரிட்டன் தீவளவு என்று சொல்லப்பட்ட நிலமும் ஆயிரக்கணக்கான ஊர்களும் அதில் உண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கணினியே சூத்திரப்படி அடுக்கியிருந்ததால், ஓர் ஊரைக் கண்டவருக்கு அடுத்த ஊரில் காண்பதற்கு அதிகமொன்றும் இருக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப்பின், 2002-இல், அதே நிறுவனம் டாட் ஹவார்டின் தலைமையில் ‘மாரோவிண்ட்’ என்ற விளையாட்டை வெளியிட்டபோது, நிலப்பரப்பை எத்தனையோ ஆயிரம் பங்கு சுருக்கி, நடுவே எரிமலை நிற்கும் ஒரேயொரு தீவை எடுத்துக்கொண்டு, அதன் குன்றுகளையும் குடிசைகளையும் கைவேலையாகவே அமைத்தது. உலகம் சுருங்கிற்று; ஆனால் அங்கே போய்வந்தவர்கள் அதைச் சொந்த ஊரைப்போல் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தீவில் நாம் போகவேண்டிய இடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டுவதற்கு எதுவுமில்லை. பாலத்தைத் தாண்டி வடக்கே திரும்பு, பாதை பிரியுமிடத்தில் இடப்பக்கம் போ, இரட்டைப் பாறையருகே குகை வாய் தெரியும் என்ற மாதிரி யாரோ ஒருவர் சொல்வார்; அது நம் நாட்குறிப்பில் பதிவாகும்; அதற்குமேல் நம் கண்களே துணை. புழுதிப்புயலில் பாதை மறைந்து, வழி தவறி, தேடாத ஒரு கல்லறையில் போய் நுழைந்து, கடைசியில் அந்த இரட்டைப் பாறையைக் காணும்போது உண்டாகும் சந்தோஷம் வேறு எவரும் கொடுத்ததன்று, நாமே தேடியடைந்தது. முதல் கிராமமான செய்டா நீனைவிட்டுச் சிறிது தூரம் நடந்ததும், வானத்திலிருந்து ஒரு மந்திரவாதி அலறிக்கொண்டே விழுந்து சாகிறான். அவனருகே கிடக்கும் மந்திரச் சுருள்களில் ஒன்றை ஓதினால் நாமும் மலையுயரம் தாவிவிடலாம். ஆனால் கீழே வந்து சேருமுன் மந்திரத்தின் பலம் தீர்ந்துவிடும். அவன் எப்படி இறந்தான் என்பது அப்போதுதான் விளங்கும். இதை எந்தப் பாத்திரமும் வந்து நமக்கு விளக்குவதில்லை. நாம் வருவதற்கு முன்பே அங்கே ஒரு வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது என்ற எண்ணத்தை ஆடுபவர் மனத்தில் ஊன்றிவிடுவதே இக்கலையின் மூலாதாரம் என்பது என் அபிப்பிராயம். பின்வந்த விளையாட்டுகளின் வெற்றியையும் வீழ்ச்சியையும் நான் அளப்பது இந்தக் கோலைக் கொண்டுதான்.

இவ்வினத்தின் பூர்வோத்தரம் நீண்டதன்று. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேஜை விளையாட்டில், கதை நடத்துபவர் ஒருவர் இருந்து, மற்றவர்கள் எதைச் செய்யத் துணிந்தாலும் அதற்குத் தக்க பலனைச் சொல்வார். கணினி வந்தபோது அனுபவப் புள்ளி, லெவல், உயிர்ப்பலம் ஆகிய கணக்குகளை எளிதில் எடுத்துக்கொண்டது. கதை நடத்துபவரின் சமயோசிதத்தை மட்டும் அதனால் எடுத்துக்கொள்ள இயலவில்லை. 1984-இல் ஜப்பானில் ‘டிராகன் ஸ்லேயர்’, ‘ஹைட்லைட்’ ஆகியவை, முறைவைத்துப் போரிடும் வழக்கத்தை விட்டு, அந்தந்தக் கணத்திலேயே வாளை வீசச் செய்தன. ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு) என்று ரசிகர்கள் இன்று அழைக்கும் கிளைக்கு இவை முன்னோடிகள்.

வளர்ச்சி என்பது இவ்வினத்தின் உயிர்நாடி. நேற்று நம்மை விரட்டிய மிருகத்தை இன்று நாம் விரட்டினால்தான் வளர்ந்தோம் என்பதற்கு அர்த்தமுண்டு. 2006-இல் வந்த ‘ஆப்லிவியன்’ மிக அழகிய காடுகளைக் கொண்டது. எனினும் நாம் பலம் பெறப்பெற உலகிலுள்ள பகைவர் பலரும் கூடவே பலம் பெறும்படி அதை அமைத்துவிட்டார்கள். அதனால், நூறு பொன் கேட்டு வழிமறிக்கும் சாதாரண வழிப்பறிக்காரன்கூட, ஒரு கட்டத்துக்குப்பின், ஒரு மாளிகையின் விலைபெறும் கண்ணாடிக் கவசத்தை அணிந்து வந்து நின்றான். அந்தக் காட்சியில் உலகம் தன் மரியாதையை இழந்துவிடுகிறது. நமக்காகவே அவனை அந்தக் கணத்தில் அலங்கரித்து நிறுத்தினார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஹிடெடாகா மியாசாகியின் தலைமையில் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022-இல் அளித்த ‘எல்டன் ரிங்’. முதல் குகையிலிருந்து வெயிலுக்கு வந்ததுமே, பொற்கவசம் பூண்ட குதிரைவீரன் ஒருவன் பாதையில் உலாத்திக்கொண்டிருக்கிறான். எதிர்த்தால் இரண்டு வீச்சில் மாண்டுபோவோம். அவனோ நமக்காகத் தன் பலத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. சுற்றிக்கொண்டு வேறு திசையில் போய், பல இரவுகள் அலைந்து, தேர்ந்த கையோடு திரும்பிவந்து அவனை வெல்பவருக்குத் தம் வளர்ச்சியின் அளவு ஐயமின்றிப் புலப்படும். 

மியாசாகி இந்த நெறியை 2009-இன் ‘டீமன்ஸ் சோல்ஸ்’, 2011-இன் ‘டார்க் சோல்ஸ்’ முதலியவற்றிலேயே நிலைநாட்டிவிட்டார். அங்கே ஓங்கிய வாளை இடையில் நிறுத்தமுடியாது. மூச்சு வாங்கினால் கேடயம் தாழும். ஆகவே ஒவ்வொரு வீச்சும் யோசித்து எடுத்த தீர்மானம். இறந்தால் சேர்த்த செல்வம் இறந்த இடத்திலேயே கிடக்கும். மீட்க ஒரே வாய்ப்பு. வழியில் மறுபடி இறந்தால் அடியோடு போயிற்று. இதைக் கொடுமை என்பாருண்டு. பழகிய அதே நூறடிப் பாதையை மறுபடி நடக்கும்போது மனம் எவ்வளவு விழிப்பாகிறது என்பதைக் கண்டவன் என்ற முறையில், நான் அதை உபகாரமென்றே கருதுகிறேன். இதே விழிப்பை வேறு வழியில் தந்த, காப்காம் நிறுவனத்தின் ‘டிராகன்ஸ் டாக்மா’வில், 2012-இல், இரவு என்பது உண்மையிலேயே இருட்டாக வந்தது. விளக்கில் எண்ணெய் தீருமுன் ஊர் சேரவேண்டுமென்ற கவலை அந்த மலைப்பாதைகளுக்கு ஒரு பிரயாணத்தின் ரசத்தைத் தந்தது.

கதையைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகமுடியாது. போலந்து எழுத்தாளர் ஆந்த்ஷேய் சாப்கோவ்ஸ்கியின் கதைகளைத் தழுவி, வார்சாவிலுள்ள சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ‘விட்சர் 3’-இல், போரால் பாழடைந்த சதுப்புநிலத்தை ஆளும் பிரபு ஒருவன், காணாமற்போன தன் மனைவியையும் மகளையும் தேடித்தரும்படி கேட்கிறான். பரிதாபத்துடன் தேடப்புகுந்தால், குடித்துவிட்டு அவன் அடித்த அடியே குடும்பம் சிதறியதற்குக் காரணம் என்பதும், மனைவியின் கரு சிதைந்து, முறையாக அடக்கம் பெறாத அந்தச் சிசு பேயாகிவிட்டது என்பதும் துலங்குகின்றன. ஸ்லாவிய கிராமங்களின் பழைய நம்பிக்கையிலிருந்து எடுத்தது இது. அந்தப் பேயை வாளால் அழிக்கலாம். அல்லது மழையிரவில் அந்தப் பிரபுவே அதைக் கையில் ஏந்தி வீட்டு வாசல்வரை சுமந்துவந்து, பெயரிட்டு, நிலைப்படியின் கீழ் புதைக்கச் செய்யலாம். இரண்டாவதைத் தேர்ந்தேன். அவன் நடக்க, பக்கத்தில் நான் நடந்தேன். சில அடிக்கொருமுறை குழந்தை வெறிகொண்டு நெளிய, நான் மந்திரத்தால் அதை அமைதிப்படுத்த, தான் வெறுத்த மனிதனின் தோளுக்கருகே காவலாக நடப்பதென்றால் என்னவென்று அந்தச் சில நிமிஷங்களில் அறிந்தேன். வேறோரிடத்தில், மரத்தடியில் சிறைப்பட்ட ஆவியை விடுவிப்பதா அழிப்பதா என்று நாம் எடுக்கும் முடிவு, பல மணி நேரம் கழித்து, அந்தப் பிரபுவின் மனைவியின் கதியையும் அவனுடைய கதியையும் சேர்த்தே நிர்ணயித்துவிடுகிறது. நன்மை இது, தீமை இது என்று முன்கூட்டி யாரும் எழுதிவைக்கவில்லை.

முதலில் சொன்ன கோலுக்கே திரும்புகிறேன். ‘எல்டன் ரிங்’கின் கிழக்குக் காட்டில் வட்டமானதொரு கல்மண்டபம் இருக்கிறது. உள்ளே நடுவிலுள்ள மேடையை மிதித்தால் அது மெல்ல இறங்கத் தொடங்கும். சாதாரணச் சுரங்கம் ஒன்றுக்குப் போவதற்கான நேரம் கடந்தும் இறங்கிக்கொண்டே இருக்கும். சுவர்கள் மேலேறிக்கொண்டே போகும். ஏதோ கோளாறோ என்று நினைக்கும் தருணத்தில் சுவர் விலகி, பூமிக்கடியில், ஊதாநிற வானமும் எண்ணற்ற நட்சத்திரங்களும், அவற்றின் கீழே இடிந்த தூண்களுக்கிடையே ஓடும் ஓர் ஆறும் கண்முன் விரியும். மேலே அத்தனை நாள் குதிரையில் திரிந்தபோது, நம் குளம்படிக்குக் கீழே இது ஓடிக்கொண்டுதான் இருந்தது.