பாரீஸுக்குப் போகாத டீச்சர்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 55 பேர் 2024 அக்டோபர் கடைசியில் பிரான்சுக்குப் போய்வந்தார்கள். பள்ளிக் கல்வித் துறையின் ‘கனவு ஆசிரியர்’ தேர்வில் பல கட்டம் தாண்டி முன்னணியில் வந்தவர்கள். பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழியும் உடன் சென்றார். வெண்ணாற்றங்கரைத் தொடக்கப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. மினி பஸ்ஸில் இடித்துப் பிடித்து ஏறிப் பள்ளிக்கூடம் போகிற பெண்கள், விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் பயணம் வேறு, பயிற்சி வேறு. பிரான்சின் பள்ளி நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு இலையுதிர்கால விடுமுறை அக்டோபர் 19 முதல் நவம்பர் 4 வரை, நாடு முழுவதும். நம் ஆசிரியர்கள் போன நாட்களில் அங்கே பள்ளிக்கூடங்களுக்கு லீவு. வழக்கமான ஒரு பள்ளி நாளைக் காலை மணியிலிருந்து மாலை மணி வரை பார்க்க அவர்களுக்கு வழியே இல்லை. அரசும் இதைக் ‘கல்விச் சுற்றுலா’ என்றுதான் அறிவித்தது. அந்தப் பெயர் நேர்மையானது. பரிசாகச் சுற்றுலா கொடுப்பதில் தப்பில்லை. அதை ஆசிரியர் மேம்பாடு என்று கணக்கில் எழுதும்போதுதான் எனக்குக் கேள்வி வருகிறது.

வேறொரு நாட்டில் ஓர் ஆசிரியரின் பின்னாலேயே நிழல்போல இருந்து, அவர் வேலையைப் பார்த்துக் கற்றுக்கொள்வதை ‘ஜாப் ஷேடோயிங்’ என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இதற்கு 2 நாள் முதல் 60 நாள் வரை அனுமதி உண்டு. போகிறவர் பாடம் நடத்த வேண்டியதில்லை. கூடவே இருக்க வேண்டும், பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். கரும்பலகையை மட்டுமல்ல. அந்த ஊர் டீச்சர் எத்தனை மணிக்கு டீ குடிக்கிறார், படிவங்களை யார் நிரப்புகிறார்கள், அவருடைய கைக்குழந்தை அந்நேரம் எங்கே இருக்கிறது என்பதையும்.

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நம் ஊரிலிருந்து போகிற குழுக்கள் கேட்டுவிட்டு வருவதாகத் தெரியவில்லை. 2024இல் பஞ்சாப் அரசு தன் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 72 பேரை ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அதற்கு முன்பு, 2023 தொடக்கத்தில், டெல்லி அரசின் ஃபின்லாந்துத் திட்டத்தை வைத்து அங்கே ஆளுநருக்கும் ஆட்சிக்கும் பெரிய சண்டையே நடந்தது. சண்டை முழுக்கச் செலவைப் பற்றி, அதிகாரத்தைப் பற்றி. போக முடிகிறவர் யார், முடியாதவர் யார் என்பது அந்தச் சண்டையில் பேச்சாகவே இல்லை. போய் வருகிறவர்கள் வட்டமாக உட்கார வைப்பது, விளையாட்டு முறை, பரீட்சைப் பயம் இல்லாத வகுப்பு என்று முறைகளைக் கொண்டுவருகிறார்கள். முறை பெட்டியில் அடங்கும். ஃபின்லாந்தில் பள்ளி வயதுக்குக் கீழே உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் 1996 முதல் பகல்நேரக் காப்பகம் சட்டப்படி உரிமை. அது பெட்டியில் அடங்காது. அங்கே ஒரு டீச்சர் சிரித்த முகத்தோடு வகுப்புக்குள் நுழைவதில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு இருக்குமென்று நினைக்கிறேன்.

இங்கே என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியையைச் சொல்கிறேன். பாடம் நடத்துவதில் எங்கள் ஒன்றியத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சிகளில் அவர்தான் கருத்தாளர். கனவு ஆசிரியருக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். சிரித்தார். நாலரைக்கு எழுந்து இரண்டு வேளைச் சமையலையும் முடித்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, சாயங்காலம் போய்ப் படுக்கையில் இருக்கும் மாமியாரைக் குளிப்பாட்டுகிறவர். எமிஸ் பதிவுகளே ராத்திரி பத்து மணிக்குத்தான். “பரீட்சைக்கு நான் எப்பம்மா படிக்கிறது? பாஸானாலும் தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டை விட்டுட்டு எந்த ஊருக்குப் போறது?” என்றார். தேர்வானவர்களின் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துத் திருப்தியடைகிறோம். விண்ணப்பமே போடாமல் சிரித்துவிட்டு நகர்ந்த பெண்களுக்குப் பட்டியல் கிடையாது.

ஒரு வாரமாவது அவள் வெளியே போகட்டும், வீடு கொஞ்சம் தவிக்கட்டும், அதுவே விடுதலைதான் என்று தோழிகள் சிலர் சொல்கிறார்கள். எனக்கும் அதில் பாதி சம்மதம். மீதிப் பாதி சிக்கலானது. டெல்டா கிராமங்களில் ஈராசிரியர் பள்ளிகள் நிறைய. ஒருவர் போனால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில். சத்துணவுக் கணக்கு, மழைக்கு ஒழுகும் கூரை, காய்ச்சலோடு வந்து நிற்கும் பிள்ளை எல்லாம் சேர்த்து. அந்த இன்னொருவரும் பெரும்பாலும் பெண்தான். போகிறவரின் வீட்டிலும் அடுப்பு தானாக எரியாது. அம்மாவோ மாமியாரோ கூலிக்கு வரும் பெண்ணோ ஏற்றுகிறார். பாரீஸுக்குப் போன டீச்சருக்குப் பின்னால் போகாத பெண்கள் இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள். நிழல் என்ற சொல் பொருந்துவது அவர்களுக்குத்தான்.

பக்கத்தில் நின்று பார்த்துக் கற்பது நமக்கொன்றும் புதிதில்லை. எங்கள் ஊரில் நடவுக்குப் புதிதாக இறங்கும் பெண்ணைக் கைதேர்ந்த இருவருக்கு நடுவே நிறுத்துவார்கள். நாற்றை எத்தனை விரலால் பிரிப்பது, எவ்வளவு ஆழம் ஊன்றுவது என்று யாரும் பாடமெடுப்பதில்லை. இடத்தையும் வலத்தையும் பார்த்துக்கொண்டே கை பழகிவிடும். முதுகை ஒடிக்கும் வேலை அது, புகழ்வதற்காகச் சொல்லவில்லை. ஆனால் கற்பவளும் கற்பிப்பவளும் ஒரே சேற்றில் நிற்கிறார்கள். அதனால் கற்றது மறுநாளும் கைகொடுக்கிறது.

அப்படியென்றால் இங்கிருந்தே தொடங்கலாமே. ஒரத்தநாட்டு ஆசிரியை வால்பாறைப் பள்ளியில் ஐந்து நாள் இருக்கட்டும். அங்கிருந்து ஒருவர் இங்கே வரட்டும். வெளிநாட்டுக்காரர்களும் வரட்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில்தான் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. அதைப் படித்தறியத் தெலங்கானாவிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். அதிகாரிகள்தான்! இருட்டோடு வந்து உப்புமா கிளறும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்ணோடு ஒரு முழு நாள் இருக்க வேறு ஊர்ச் சமையல்காரப் பெண் ஒருத்தியை யாராவது அனுப்புவார்களா? 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு, முகாமாகிப்போன பள்ளிக்கூடங்களைத் திரும்பவும் வகுப்பறையாக்கிய டெல்டா ஆசிரியைகளிடம் ஃபின்லாந்து டீச்சர் கேட்டுக்கொள்ளவும் விஷயம் இருக்கிறது.

இதற்கெல்லாம் முதலில் வேண்டியது விமானச் சீட்டு அல்ல, மாற்றுப் பணி ஆணை. போகிறவரின் வகுப்புக்கு அந்த வாரம் முழுக்க ஓர் ஆள், போகிறவரின் வீட்டில் நோயாளியோ குழந்தையோ இருந்தால் அதற்கான செலவு. இரண்டையும் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும். அடுத்த வெளிநாட்டுப் பட்டியல் வரும்போது பெயர்களைப் பிறகு பார்த்துக்கொள்வேன். அந்த 50 சொச்சம் பள்ளிகளில் அந்த வாரம் யார் யாருக்கு மாற்றுப் பணி ஆணை போயிருக்கிறது என்றுதான் முதலில் விசாரிப்பேன்.