நூற்றேழு அடிகளின் தாளம்

உலகத்தில் எழும் சப்தம் ஒன்றைப் பதிந்து, துண்டாக்கி, வேண்டிய ஸ்தாயியிலும் காலப்பிரமாணத்திலும் திரும்ப ஒலிக்கச் செய்து, பாட்டுக்கு அங்கமாக்கும் வித்தையை இன்று சாம்பிளிங் என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். அதன் பூர்வீகம், 1948-ஆம் ஆண்டில் பியேர் ஷாஃபேர் என்னும் பிரெஞ்சு வானொலிப் பொறியாளர் பாரிஸ் நகரத்து ரயில் நிலையம் ஒன்றில் என்ஜின்களின் ஊதலையும் சக்கரங்களின் ஓட்டத்தையும் தட்டுகளில் பதிந்து, அவற்றைக்கொண்டே ஓர் இசைச் சித்திரம் அமைத்த முயற்சியில் இருக்கிறது. 1979-இல் சிட்னி நகரத்தில் தோன்றிய ஃபேர்லைட் என்னும் கணினி வாத்தியம், பதிந்த ஒலியைச் சுரக்கட்டைகளின் வசமாக்கி, ஷாஃபேர் தட்டும் ஊசியுமாகப் பட்ட சிரமத்தை விரல் நுனி வேலையாக்கிவிட்டது.

கருவி கைக்கு எளிதான பின் எஞ்சி நிற்கும் கேள்வி, எந்தச் சப்தத்தை, எதன் பொருட்டு எடுப்பது என்பதே. இதற்குத் திரைப்பட உலகில் நான் அறிந்த மிகச் சிறந்த விடை, 2000-இல் வெளிவந்து கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்ற 'டான்சர் இன் த டார்க்'. லார்ஸ் ஃபான் ட்ரியர் இயக்கிய அப்படத்துக்கு இசையமைத்ததோடு, கதாநாயகி செல்மாவாகவும் நடித்தவர் ஐஸ்லாந்து நாட்டுப் பாடகி ப்யோர்க். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து தொழிற்சாலையில் உழைக்கும் செல்மாவுக்குப் பார்வை நாளுக்கு நாள் மங்குகிறது; அதே நோய் மகனையும் குருடாக்கிவிடாதிருக்கச் சிகிச்சைக்குக் காசு சேர்க்கிறாள். பார்வை குறையக் குறையச் செவியே அவளுக்கு உலகமாகிறது என்பதை, வசனத்துக்கு முன்பாகவே சப்தப் பிரயோகம் நமக்கு உணர்த்திவிடுகிறது.

தொழிற்சாலைப் பாட்டைக் கவனியுங்கள். உலோகத்தை அழுத்தும் யந்திரத்தின் ஓசை முதலில் வெறும் இரைச்சல். அவள் அதில் மனத்தைச் செலுத்தியதும் அந்த இடி ஓர் ஆவர்த்தனமாகிறது. அடுத்த யந்திரம் எதிர்த்தாளம் போடுகிறது. அதன் மேல் குரலும் வாத்தியக் கோஷ்டியும் ஏறிக்கொள்ள, தொழிற்சாலையே நாட்டிய மேடையாகிவிடுகிறது. இவ்வாறே தண்டவாளத்தில் ஓடும் ரயிலின் சக்கரம் ஒரு பாட்டுக்கும், நீதிமன்றத்தில் சித்திரக்காரரின் பென்சில் காகிதத்தில் உரசும் ஓசை மற்றொன்றுக்கும், தட்டு ஓடி முடிந்தபின் கிராமபோன் ஊசி எழுப்பும் கரகரப்பு, கொலை நடந்த வீட்டில் எழும் பாட்டுக்கும் லயம் தருகின்றன.

அந்தக் கொலைக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு அவள் அடைபடும் சிறையிலோ சப்தமே இல்லை. தாளம் கிடைக்காமல் செல்மா தவிக்கிறாள். அறையிலிருந்து தூக்குமேடை வரை நூற்றேழு காலடி. அவள் கால்கள் துவள்வதைக் கண்டு இரக்கம் கொண்ட காவற்காரி தன் பாதங்களைத் தரையில் அழுத்தி ஓசை எழுப்ப, அந்த ஓசையே தாளமாகி, அடிகளின் எண்ணிக்கையே பாட்டின் சாகித்யமுமாகிறது. நூதனச் சப்தங்களைத் தேடி அலையும் இசையமைப்பாளர் எவரும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய பாடம் இது: ஒலி கதையின் வயிற்றிலிருந்தே பிறந்திருக்கிறது, ஆகையால் அதைப் பிரித்தெடுத்தால் காட்சியும் கூடவே விழுந்துவிடும்.

கழுத்தில் கயிறு விழுந்தபின் அவள் பாடும் கடைசிப் பாட்டுக்கு யந்திரமில்லை, ரயிலில்லை, வாத்தியமுமில்லை. தனிக்குரல் மட்டுமே, அதுவும் பாதியில் அறுந்துபோகிறது. எதைச் சேர்ப்பது என்று அறிந்தவர் பலர் உண்டு. எல்லாவற்றையும் எங்கே நிறுத்துவது என்றும் அறிந்ததனால்தான் ப்யோர்க்கை இத்துறையின் முதல் வரிசையில் வைக்கிறேன்.