51 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு கதவு

குர்லா ஆலையில் உருவான பிரீமியர் பத்மினியின் அகலம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. மும்பையின் 'காலி-பீலி' (கறுப்பு-மஞ்சள்) டாக்சியாக ஓடிய அந்த வண்டி 2023 அக்டோபரில் விடைபெற்றது. இன்று செம்பூர் அடுக்ககங்களில் நிற்கும் ஹூண்டாய் கிரெட்டாவின் அகலம் 1,790 மில்லிமீட்டர். மும்பைக் கட்டட விதிகளோ சிறிய காருக்கு 2.3 மீட்டர் அகல இடத்தையே அனுமதிக்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இரண்டு கிரெட்டாக்கள் சரியாக நடுவில் நின்றாலும் இடையே மிஞ்சுவது 51 சென்டிமீட்டர். காய்கறிப் பையும் தூங்கும் குழந்தையுமாக இறங்குபவர் அதற்குள்தான் கதவைத் திறந்தாக வேண்டும்.

டப்பென்று ஒரு சத்தம். அடுத்த வண்டியில் ஒரு பள்ளம்.

கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத இரும்பு. பெயிண்ட் உரியாமல் பள்ளம் மட்டும் விழுந்திருந்தால், உட்புறமிருந்து கம்பியால் நெம்பி நிமிர்த்திவிடலாம். உரிந்துவிட்டால் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று வேலை நீளும். இன்சூரன்ஸில் கேட்கலாம்தான். ஆனால் ஐந்து ஆண்டுகள் கிளெயிம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளெயிம் போனஸ் அடுத்த புதுப்பிப்பில் கைநழுவும். ஒரு சின்னப் பள்ளத்துக்கு இது பெரிய விலை.

கடைகளில் கிடைக்கும் காப்புகளில் மலிவானது, கதவு விளிம்பில் மாட்டும் யு வடிவ ரப்பர் பட்டை. சில நூறு ரூபாய்தான். வாங்கும்முன் உள்ளே விரல் விட்டுப் பார்ப்பது அவசியம். பிடிப்புக்காக வைத்த உலோகப் பட்டை வெறுமையாக இருந்தால் அதுவே பெயிண்டைச் சுரண்டும். முழுக்க ரப்பர் போர்த்திய வகையே நல்லது. மழைக்காலத்தில் பட்டைக்குள் தண்ணீரும் மண்ணும் தேங்கும். மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்காவிட்டால் விளிம்பில் துரு பிடிக்கும். இந்தப் பட்டை காப்பாற்றுவது பெரும்பாலும் பக்கத்து வண்டியைத்தான். ஒரு சொசைட்டியில் எல்லோரும் மாட்டினால் எல்லோருக்கும் காப்பு. இந்த விலையில் இதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை.

தன் வண்டியைக் காக்க விரும்புபவருக்குக் கதவின் குறுக்கே ஒட்டும் பீடிங் உண்டு. ஒட்டும் உயரத்தில்தான் சூட்சுமம். ஹேட்ச்பேக்குக்கு ஏற்ற உயரத்தில் ஒட்டினால் எஸ்யூவியின் கதவு அதற்கு மேலே வந்து இடிக்கும். வழக்கமாகப் பக்கத்தில் நிற்கும் வண்டியின் கதவைத் திறந்து, அதன் விளிம்பு தொடும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு ஒட்டுவது உத்தமம்.

பிபிஎஃப் எனும் பாலியூரித்தேன் படலம் வியட்நாம் போர்க்கால ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்கப் பிறந்தது. சுமார் 200 மைக்ரான் கனம். கீறலைத் தாங்கும், பள்ளத்தைத் தடுக்காது. முழு வண்டிக்கும் ஒட்டும் செலவோ பல பத்தாயிரங்கள். ஆனாலும் படலம் உதவும் இடங்கள் உண்டு. மாட்டுங்காவில் 1930, 40களில் எழுந்த கட்டடங்கள் பலவற்றில் கார் நிறுத்த இடமில்லை. வண்டிகள் தெருவோரம் வரிசையாக நிற்கின்றன. அங்கே கதவைவிட பைக் ஹேண்டில்பார் உரசல்தான் தொல்லை என்பதால், கதவுகளுக்கு மட்டுமாவது படலம் ஒட்டுவதில் பொருள் இருக்கிறது. தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் சுமை ஏற்றிய கைவண்டிகளுக்கு நடுவே நிறுத்துபவருக்குப் பீடிங்கும் வேண்டும்.

காந்தப் பட்டைகளைப் பரிந்துரைக்க முடியாது. அலுமினியக் கதவில் அவை ஒட்டாது. இரும்பில் ஒட்டினாலும் அடியில் சிக்கும் மணல், உப்புத்தாளாகத் தேய்க்கும்.

கதவு விளிம்புக்கான காப்பைக் கார் நிறுவனங்களே செய்திருக்க வேண்டும். ஸ்கோடா கோடியாக்கில் கதவு திறந்ததும் பிளாஸ்டிக் காப்பு ஒன்று தானாக வெளிவந்து விளிம்பை மூடுகிறது. கதவை மூடினால் உள்ளே மடங்கிவிடுகிறது. எளிய ஏற்பாடு. ஆனால் அது விலையுயர்ந்த வண்டி; நெருக்கடியில் நிற்கும் வேகன் ஆருக்கு இன்னும் வரவில்லை. அது வரும்வரை, செம்பூரின் புதிய கட்டடங்களில் ஸ்டேக் பார்க்கிங் தூண்கள்மீது கறுப்பு-மஞ்சள் ஃபோம் ஒட்டுவதை மட்டும் சொசைட்டி கமிட்டி அடுத்த கூட்டத்திலேயே முடிவுசெய்துவிடலாம்.